95,000 ரூபாய்க்கு ஓர் ஆணி: வாங்கலாமா?

கேள்வி: ஈரோட்டில் ஸ்பின்னிங் மில் ஒன்றில் கணக்குப் பிரிவில் வேலை பார்க்கிறேன். சம்பளம் 31,000. பன்னிரண்டு வருடமாகப் பகுதிநேரமாக மேஜிக் ஷோவும் செய்கிறேன். போன வருடம் 52 ஷோ. அதில் பர்த்டே பார்ட்டி 31, பள்ளிக்கூடம் 12, கம்பெனி விழா 6, கல்யாண ரிசப்ஷன் 3. பர்த்டேக்கு 5,000 ரூபாயும், கம்பெனி, ரிசப்ஷனுக்கு 12,000 ரூபாயும் வாங்குகிறேன். பெரிய ஷோவில் உதவியாளுக்கும் வண்டிக்கும் 3,500 போய்விடும். இப்போது வெளிநாட்டு ஐட்டம் ஒன்றின் மேல் கண். நான்கு கட்டைகள், ஒன்றில் மட்டும் நிமிர்ந்து நிற்கும் பெரிய ஆணி. நான்கையும் பேப்பர் கப்பால் மூடிவிடுவோம். நான் திரும்பி நிற்கும்போது பார்வையாளர் இடம் மாற்றி வைப்பார். பிறகு ஒவ்வொரு கப்பாக உள்ளங்கையால் ஓங்கி அடித்து நசுக்குவேன், ஆணி இருக்கும் கப்பைத் தவிர. விலை 95,000. கூரியரும் சுங்கமும் தனி. கையிருப்பு 60,000. மீதிக்கு மனைவியின் வளையலை அடகு வைக்கலாம் என்று யோசனை. மனைவிக்குப் பிடிக்கவில்லை. டீலர் மாதக் கடைசி வரைதான் ஆஃபர் என்கிறார். வாங்கலாமா?

பதில்: வேண்டாம். இப்போதைக்கு வேண்டாம். ஆணி எந்தக் கப்பில் என்று உங்களுக்கு எப்படித் தெரியும் என்பதையும் கடிதத்தில் விளக்கியிருந்தீர்கள். அதை வெட்டிவிட்டுத்தான் அச்சுக்குக் கொடுத்தேன், கவலை வேண்டாம்.

உங்கள் கணக்கிலேயே பதில் இருக்கிறது, மில்லில் நாள் முழுக்கக் கணக்கு எழுதுகிறவர் நீங்கள். 52 ஷோவில் இந்த ஐட்டத்தை எத்தனையில் எடுக்க முடியும்? ஏழு வயதுப் பிள்ளைகள் தரையில் உட்கார்ந்திருக்கும் பர்த்டேயில் உள்ளங்கையை ஆணிக்கு மேல் ஓங்க முடியாது. முடிந்தாலும் செய்யக் கூடாது. மறுநாள் வீட்டில் ஒரு கப்பையும் ஆணியையும் வைத்துக்கொண்டு உட்காரப் போவது அந்தப் பிள்ளைதான். பள்ளியும் அப்படியே. தலைமையாசிரியர் ஒரு தடவை பார்த்தால் அடுத்த வருடம் குழந்தைகள் தினத்துக்கு வேறு ஆளைக் கூப்பிடுவார். ஆக 43 ஷோ கழிந்தது. மிச்சம் 9.

சுங்கம் என்று லேசாகச் சொல்லிவிட்டீர்கள். மேஜிக் சாமான்களுக்கென்றே சுங்க அட்டவணையில் தலைப்பு இருக்கிறது: 9505, திருவிழா அலங்காரப் பொருள்களோடு சேர்த்து. வரியைப் பொருளின் விலையில் மட்டும் போடமாட்டார்கள். கப்பல் அல்லது விமானக் கட்டணம், இன்சூரன்ஸ் எல்லாம் கூட்டி, அதன் மேல் சுங்கம், அதற்கும் மேல் ஐஜிஎஸ்டி, அதாவது இறக்குமதிக்கான ஜிஎஸ்டி. கூரியர் கம்பெனி தன் பங்குக்கு ஒரு கட்டணம் வாங்கும். வீட்டுக்கு வந்து சேரும் விலை 1,20,000 என்று வைத்துக்கொள்வோம்.

மூன்று வருடம் ஓடினால் 27 ஷோ. வகுத்துப் பாருங்கள், ஒரு ஷோவுக்கு 4,444 ரூபாய். கம்பெனி ஷோவில் உங்கள் கையில் நிற்பது 8,500. பாதிக்கு மேல் நாலு நிமிட ஐட்டம் ஒன்றே சாப்பிட்டுவிடுகிறது. மீதி நாற்பது நிமிடமும் புறா, கயிறு, சீட்டு என்று நீங்கள் உழைப்பது யாருக்கு?

‘ஐட்டம் வந்தால் ரேட்டை ஏற்றுவேன்’ என்பீர்கள். சரி, 12,000 என்பதை 15,000 ஆக்குங்கள். ஒன்பது ஷோவில் வருடத்துக்கு 27,000 கூடுதல். போட்ட காசு திரும்ப ஏறக்குறைய நாலரை வருடம் ஆகும். ஆனால் கம்பெனியில் உங்களைக் கூப்பிடும் எச்ஆர்காரருக்கு உங்களிடம் எந்த ஐட்டம் இருக்கிறது என்றே தெரியாது. அவர் பட்ஜெட்டில் ‘மேஜிக் ஷோ, 45 நிமிடம்’ என்று ஒரு வரிதான் இருக்கும். ரேட் ஏறாமல் புது ஷோ வந்தால் போதும் என்றாலும், இந்த ஆணிக்காகவே தேடி வந்து கூப்பிடுகிற ஷோ பதினைந்து கிடைக்க வேண்டும். அதற்குப் பிறகுதான் லாபம் என்ற பேச்சே. ஆடியிலும் மார்கழியிலும் ரிசப்ஷன் இருக்காது என்பது என்னைவிட உங்களுக்குத் தெரியும்.

உங்கள் தொழிலின் பழைய கதைகள் இரண்டைப் பணத்தின் பக்கமிருந்து பாருங்கள். 1921 ஜனவரியில் லண்டனில் பி.டி.செல்பிட் முதல்முறையாக ஒரு பெண்ணைப் பெட்டிக்குள் படுக்க வைத்து ரம்பத்தால் அறுத்துக் காட்டினார். பெட்டியும் ரம்பமும் ஊருக்கு ஊர் தச்சரிடம் செய்யக் கூடியவை. அவர் செலவழித்தது வெளியில். அரங்கின் வாசலில் நர்ஸ் வேடத்தில் ஆட்களை நிறுத்தினார், ரத்தம் மாதிரி சிவப்புத் தண்ணீரைத் தெருச் சாக்கடையில் ஊற்ற வைத்தார். 1956 ஏப்ரலில் பி.சி.சர்க்கார் பிபிசியின் பனோரமா நிகழ்ச்சியில் இளம்பெண் ஒருவரை மின் ரம்பத்தால் அறுத்தார். அந்தப் பெண் எழுந்திருக்கும் முன்பே நேரம் முடிந்து நிகழ்ச்சி நின்றுவிட்டது. கொலையே நடந்துவிட்டது என்று பதறிப்போய் பிபிசிக்கு ஓயாமல் போன். தற்செயலோ திட்டமோ, சர்க்கார் அப்போது லண்டனில் டியூக் ஆஃப் யார்க் தியேட்டரில் தொடர் காட்சிகளுக்குத் தேதி வாங்கி வைத்திருந்தார். விற்க டிக்கெட் கையில் இருந்தது, அதனால் அந்த ரம்பம் காசானது. உங்கள் கையில் விற்க என்ன டிக்கெட் இருக்கிறது?

சில வருடம் முன்பு கோயம்புத்தூரில் என் வாடிக்கையாளர் ஒருவரின் கம்பெனி ஆண்டு விழாவுக்குப் போயிருந்தேன். மேஜிக்காரர் கில்லட்டின் எடுத்தார், பிளேடு மேலிருந்து இறங்கி வெட்டுகிற சட்டம். மணிக்கட்டை நுழைக்கிற சின்ன சைஸ், இங்கேயே செய்தது, சில ஆயிரம் ரூபாய்ச் சாமான். மேலே ஒரு கேரட்டைச் செருகி நறுக்கிக் காட்டினார், துண்டு உருண்டு முன்வரிசைக்கு வந்தது. பிறகு தொழிற்சாலை மேனேஜரை மேடைக்குக் கூப்பிட்டு, கையை நுழைக்கச் சொல்லிவிட்டு, பிளேடைத் தூக்கினார். தூக்கியவர் நிறுத்தி, “சார், அந்த மோதிரத்தைக் கழட்டி மேடம்கிட்ட குடுத்துருங்க” என்றார். மேனேஜரின் மனைவி எழுந்து வந்து உள்ளங்கையை நீட்டி வாங்கிக்கொண்டார். கூடத்தில் சிரிப்பு அடங்க ஒரு நிமிடம் ஆனது. அடங்கியதும் வந்த அமைதி இருக்கிறதே, கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்த நானே நாற்காலி நுனிக்கு வந்துவிட்டேன். பிளேடு இறங்கியது, கை முழுசாக இருந்தது. அந்த அமைதிக்கு அவர் எந்த டீலருக்கும் காசு கொடுக்கவில்லை. மோதிரத்தைப் பற்றிச் சொன்ன அந்த ஒரு வாக்கியத்துக்குத்தான் அவருக்கு அடுத்த வருடமும் அழைப்பு வந்தது.

இப்போது கையைப் பற்றி. 2016-ல் போலந்தில் ஒரு காலை நேர டிவி நிகழ்ச்சியில் இதே வகை ஆணி ஐட்டம் நேரலையில் தவறியது. மேஜிக்காரர் நிகழ்ச்சித் தொகுப்பாளரின் கையைப் பிடித்துக் காகிதப் பையின் மேல் அழுத்தினார், ஆணி கையில் ஏறிவிட்டது. 1918-ல் லண்டனில் துப்பாக்கிக் குண்டைப் பிடிக்கும் ஐட்டத்தில் சுங் லிங் சூ இறந்தார். சீனராகவே மேடையில் வாழ்ந்த அமெரிக்கர் அவர், குண்டு பட்டபோதுதான் மேடையில் முதல்முறையாக ஆங்கிலம் பேசினார் என்பார்கள். விசாரணையில் தெரிந்தது மந்திரமும் இல்லை, சதியும் இல்லை. வருடக்கணக்காக உபயோகித்த துப்பாக்கியில் தேய்மானம், உள்ளே கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்ந்த வெடிமருந்து. அதாவது பராமரிப்பு. உங்கள் ஐட்டத்துக்கும் பராமரிப்பு வேண்டும். சர்வீஸ் எங்கே என்று டீலரைக் கேட்டீர்களா?

நிதி ஆலோசகனாக நான் அஞ்சுவது இந்த 1,20,000 போவதைப் பற்றி அல்ல. அது போனால் மூன்று, நாலு வருடத்தில் சம்பாதித்துவிடுவீர்கள். உங்கள் வலது கை மில்லில் மாதம் 31,000 சம்பாதிக்கிற கை. தனிநபர் விபத்து பாலிசியில் தொழிலைப் பொறுத்து ஆபத்து வகை பிரிப்பார்கள், சர்க்கஸ் கலைஞர்களை அதிக ஆபத்து வகையில் சேர்ப்பது இங்கே வழக்கம். நீங்கள் ‘மில் ஊழியர்’ என்று மட்டும் எழுதிக் கொடுத்து பாலிசி எடுத்திருந்தால், மேடையில் ஆணி ஏறிய கைக்குக் கிளைம் கேட்கும்போது அந்தப் படிவத்தைத்தான் முதலில் எடுப்பார்கள். ஷோ செய்வதையும் எழுதிக் கொடுத்து, ஏற்றுக்கொண்டதை எழுத்தில் வாங்குங்கள். இந்த ஐட்டம் வாங்கினாலும் சரி, வாங்காவிட்டாலும் சரி.

இன்னொன்று. பார்வையாளரின் கையைப் பிடித்து அடிக்கும் பேச்சே வேண்டாம். ‘என் பொறுப்பில் வந்தேன்’ என்று கையெழுத்து வாங்கிக்கொண்டாலும், கவனக்குறைவால் அடுத்தவருக்குக் காயம் என்றால் குற்றவியல் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவின் 125-வது பிரிவு இருக்கிறது. அந்தக் காகிதம் உங்களைக் காப்பாற்றாது.

வரியில் கழித்துக்கொள்ளலாமே என்று யாராவது சொல்லியிருப்பார்கள். ஷோ வருமானத்துக்கு முறையாகக் கணக்குப் புத்தகம் வைத்திருந்தால் இதைச் சாதனமாகக் காட்டி வருடத்துக்கு 15 சதவீதம் தேய்மானம் எடுக்கலாம், அந்த வருடம் 180 நாளுக்குக் குறைவாக உபயோகித்திருந்தால் அதில் பாதி. மொத்த வரவில் இத்தனை சதவீதம் லாபம் என்று உத்தேசமாகக் காட்டும் முறையில் இருந்தால் தேய்மானம் தனியாகக் கிடையாது. எப்படியானாலும் உங்கள் வருமானத்துக்கு மிச்சமாகும் வரி ஒரு கூரியர் செலவுக்கும் காணாது.

வாங்கிய பிறகு விற்கலாம் என்ற நம்பிக்கையும் வேண்டாம். மேஜிக் டீலர்கள் பொதுவாகப் பொருளைத் திரும்ப எடுக்கமாட்டார்கள், ரகசியம் தெரிந்த பிறகு என்ன ரிட்டர்ன் என்பார்கள். அவர்கள் பக்கம் நியாயமும் உண்டு, விலையில் பெரும்பங்கு அந்த ரகசியத்துக்குத்தான். ஆனால் ரகசியம் நிலைக்கிற சொத்து இல்லை. ரம்பத்தால் அறுக்கும் ஐட்டத்துக்கு ஹோரஸ் கோல்டின் என்ற மேஜிக்காரர் அமெரிக்காவில் காப்புரிமையே வாங்கினார். 1933-ல் ஒரு சிகரெட் கம்பெனி தன் விளம்பரத்தில் அந்த ரகசியத்தைப் படம் போட்டு விளக்கிவிட்டது. கோல்டின் வழக்குப் போட்டார், 1938-ல் தோற்றார். காப்புரிமை ஆவணத்திலேயே எல்லாரும் பார்க்கும்படி இருக்கிற விஷயத்துக்கு ரகசியம் என்று எப்படி உரிமை கேட்பது? இன்றைக்கு அந்த வேலையை யூடியூப்பில் ஒரு பையன் செய்துவிடுவான்.

வளையல் கதைக்கு வருவோம். அடகுக்கு 60,000 வாங்கினால் மாதம் ஒரு ரூபாய் வட்டியில் 600 ரூபாய், அது பெரிதில்லை. ஆனால் கையிருப்பு 60,000-உம் சேர்ந்து போகிறது. வீட்டில் ஆஸ்பத்திரிச் செலவு வந்தால் அடுத்து எதை வைப்பீர்கள்? ஷோ வருமானத்தில் தனியாக ஒரு கணக்கு ஆரம்பித்து, ஒவ்வொரு பெரிய ஷோவிலும் 2,000 அதில் போடுங்கள். ஐட்டம் வாங்குவதென்றால் அதிலிருந்து மட்டும்.

எப்போது வாங்கலாம் என்றும் சொல்கிறேன். ஏதாவது ரிசார்ட்டோ ஈவன்ட் கம்பெனியோ பெரியவர்களுக்கான ஷோ வருடத்துக்கு 25, 30 என்று எழுத்தில் ஒப்பந்தம் கொடுத்து அட்வான்ஸும் கொடுத்தால் வாங்குங்கள், நானே சொல்வேன். அதுவரைக்கும் கையிருப்பில் 15,000 எடுத்து, உங்கள் கம்பெனி ஷோ ஒன்றை ஒழுங்காகப் படம் பிடித்து இரண்டு நிமிட வீடியோவாக வெட்டி வைத்துக்கொள்ளுங்கள். எச்ஆர்காரர் வாட்ஸ்அப்பில் பார்க்கப் போவது அதைத்தான். அப்புறம் அந்த மணிக்கட்டுக் கில்லட்டின், ஆபத்து ஐட்டம் உங்கள் கைக்கு வருமா என்று பார்க்க அதுவே போதும். ஒன்பது கம்பெனி, ரிசப்ஷன் ஷோவிலும் செய்து பாருங்கள். பிளேடைத் தூக்கும்போது கூடம் அமைதியாகிறதா என்று கவனியுங்கள். ஆகவில்லை என்றால் ஆணிக்கும் ஆகாது.

மாதக் கடைசி ஆஃபர் அடுத்த மாதமும் வரும்.

கடிதத்தின் கடைசியில் பரணில் மூன்று பெரிய ஐட்டங்கள் தூங்குகின்றன என்று போகிறபோக்கில் எழுதியிருந்தீர்கள். இந்த ஞாயிற்றுக்கிழமை அவற்றைக் கீழே இறக்கித் தூசி தட்டுங்கள். போட்டோ எடுத்து, உங்கள் மேஜிக் நண்பர்கள் குரூப்பில் விலை போடாமல் ‘விற்பனைக்கு’ என்று மட்டும் போடுங்கள். ஒவ்வொன்றையும் வாங்கிய விலையையும், இப்போது கேட்கும் விலையையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதி எனக்கு அனுப்புங்கள். மனைவிக்கும் காட்டுங்கள்.