தாயின் ஈஸ்ட்ரோஜன் பெண் எலிக்குட்டியின் மூளையை ஏன் மாற்றுவதில்லை?

ஆண் எலியின் மூளையை ஆணாக்குவதே ஈஸ்ட்ரோஜன் என்ற பெண் பாலின ஹார்மோன்தான் என்றால், தாயின் ஈஸ்ட்ரோஜன் சூழ்ந்திருக்கும் பெண் கரு எப்படித் தப்புகிறது என்று கேட்டிருக்கிறீர்கள். நியாயமான குழப்பம்தான், பாடநூல்கள் இந்த இடத்தை அவசரமாகத் தாண்டிவிடுகின்றன.

காவல் நிற்பது ஆல்ஃபா-ஃபீட்டோபுரோட்டீன் என்ற புரதம். கருவின் இரத்தத்திலுள்ள எஸ்ட்ரடையாலை (ஈஸ்ட்ரோஜனின் முக்கிய வடிவம்) அது பற்றிக்கொள்கிறது, மூளைக்குள் விடுவதில்லை. ஆனால் ஆண் ஹார்மோனான டெஸ்டோஸ்டிரோனை அது பிடிப்பதில்லை. எனவே ஆண் குட்டியின் விரைகளில் சுரக்கும் டெஸ்டோஸ்டிரோன் தடையின்றி மூளைக்குள் நுழைந்து, அங்கேயே அரோமடேஸ் நொதியால் எஸ்ட்ரடையாலாக மாறுகிறது. இந்தப் புரதம் நீக்கப்பட்ட பெண் சுண்டெலிகளின் மூளையும் நடத்தையும் ஆண் பக்கம் சாய்ந்திருந்ததை 2006இல் வெளியான ஆய்வு காட்டியது.

தேர்வில் இதை அப்படியே மனிதருக்கும் எழுதிவிடாதீர்கள். மனிதரின் ஆல்ஃபா-ஃபீட்டோபுரோட்டீன் ஈஸ்ட்ரோஜனை அவ்வளவாகப் பிடிப்பதில்லை. நம்மிடம், டெஸ்டோஸ்டிரோன் போன்ற ஆண் ஹார்மோன்களை நேரடியாக உணரும் ஆண்ட்ரோஜன் ஏற்பியின் பங்கே பெரிது என்று கருதப்படுகிறது.