கேள்வி – பதில்: நிற்கும் உருளை, அலையும் நீர்

கேள்வி: அசையாத வட்ட உருளையைச் சுற்றி நீர் முன்னும் பின்னும் அலைவதை ஓப்பன்ஃபோம் என்ற ஓட்டக் கணிப்பு மென்பொருளில் இருபரிமாணமாகக் கணித்தேன். கியூலேகன்–கார்ப்பென்டர் எண் (அலைவின் நீளத்தை விட்டத்தோடு ஒப்பிடுவது) 5, ரெய்னோல்ட்ஸ் எண் (சடத்துவத்தைப் பிசுக்குமையோடு ஒப்பிடுவது) 100. விசையில் வேகத்தோடு போகும் பங்கைக் காட்டும் இழுவைக் குணகம் 1998இல் டூட்ச் குழுவினர் வெளியிட்ட 2.09க்குக் கிட்ட வருகிறது. ஆர்முடுகலோடு போகும் பங்கைக் காட்டும் சடத்துவக் குணகம் மட்டும் அவர்களின் 1.45 இல்லாமல் 2.45 ஆக நிற்கிறது. கணிப்பு வலையை (நீர்ப்பரப்பைச் சிறு கலங்களாகப் பிரிக்கும் கட்டத்தை) நெருக்கியும் மாறவில்லை.
– மாணவி, கிளிநொச்சி

பதில்: வலையை விடுங்கள், உங்கள் விடை சரி. அவர்கள் அசையாத நீரில் உருளையை ஆட்டினார்கள். நீங்கள் உருளையை நிறுத்தி நீரை ஆட்டுகிறீர்கள். நீர் முழுவதையும் ஆர்முடுக்க ஓர் அமுக்கச் சாய்வு வேண்டும். அது உருளையையும் சேர்த்துத் தள்ளும். தள்ளும் விசை, உருளை இடம்பெயர்த்த நீரின் திணிவை ஆர்முடுகலால் பெருக்க வருவது. குணகத்தில் அது சரியாக 1. எல்லையில் வேகம் கொடுக்காமல், உந்தச் சமன்பாட்டில் ஆர்முடுகலைத் தனி உறுப்பாகச் சேர்ப்பவர்களுக்கு அந்தச் சாய்வு அமுக்கப் புலத்தில் தெரியாது. அவர்களுக்கு 1.45தான் கிடைக்கும், கையால் 1 கூட்ட வேண்டும்.

மற்ற அளவுகளையும் ஒருமுறை சரிபாருங்கள். விட்டம் 1, உச்ச வேகம் 1 எனக் கொண்டால் அலைவு காலம் 5, இயக்கப் பிசுக்குமை 0.01. பிசுக்குமையை அலைவு காலத்தால் பெருக்கி, π (பை) ஆல் வகுத்து, வர்க்கமூலம் எடுத்தால் எல்லைப்படையின் (சுவரை ஒட்டிப் பிசுக்குமை ஆளும் மெல்லிய படையின்) தடிப்பு 0.126. அதற்குள் பத்துக் கலங்களாவது இருக்கட்டும். சுவரோடு ஒட்டிய கலம் 0.01க்கு மேற்படக் கூடாது. நேரப்படி அலைவு காலத்தின் 2000இல் ஒரு பங்கு போதும்.

விசையின் உச்சத்தை மட்டும் பார்த்துக் குணகம் எடுக்க வேண்டாம். இழுவை வேகத்தோடும் சடத்துவ விசை ஆர்முடுகலோடும் போவதால் உச்சத்தில் இரண்டும் கலந்திருக்கும். தொடக்கச் சுற்றுகளைத் தள்ளிவிட்டு, முழுச் சுற்றுகளில், விசையை இழுவை, சடத்துவம் என இரண்டாகப் பிரிக்கும் மொரிசன் சமன்பாட்டின் இரு உறுப்புகளையும் இழிவு வர்க்க முறையில் பொருத்துங்கள். வலையின் தடிப்பு 0.1 ஆக இருக்க, விசைக் குணகக் கோப்பில் பரப்பை 1 என்று விட்டால் எல்லாம் பத்தில் ஒன்றாகக் குறையும். இந்தத் தவறு நம்ப முடியாத அளவுக்கு அடிக்கடி நடக்கிறது.

கேள்வி: ஓட்டம் திசை திரும்பியதும் வெளிவாயிலில் வேகம் கண்டபடி ஏறி, கணிப்பு நின்றுவிடுகிறது.
– வாசகர், கோப்பாய்

பதில்: ஒரே திசையில் ஓடும் நீருக்கு எழுதிய எல்லை நிபந்தனையை அப்படியே எடுத்திருக்கிறீர்கள். அரைச் சுற்றுக்குப் பிறகு உங்கள் வெளிவாயில்தான் உள்வாயில். அங்கே அமுக்கம் மட்டும் கொடுத்திருப்பதால், எந்த வேகத்தில் நீர் நுழைய வேண்டும் என்று சொல்ல எதுவுமில்லை. இரு முனைகளிலும் ஒரே சைன் வேகத்தைக் கொடுங்கள். நுழைவதும் போவதும் சமம் என்பதால் தொடர்ச்சி குலையாது. அமுக்கத்தை எதிலிருந்து அளப்பது என்று காட்ட ஒரு கலத்தில் அதன் மதிப்பை நிலையாக வைக்க மறக்காதீர்கள். மேலும் கீழும் உராய்வற்ற சுவர், உருளையிலிருந்து 15 விட்டமாவது தள்ளி. கியூலேகன் எண் 5இல் நீர்த்துணிக்கையின் வீச்சம் 0.8 விட்டம்தான். ஆகவே முனைகள் 20 விட்டத்துக்கு அப்பால் இருந்தால் சுழிகள் அங்கே எட்டாது.

கேள்வி: நேரம் மிச்சப்படுத்தச் சமச்சீர்க் கோட்டில் வெட்டி அரை வலையில் ஓட்டலாமா?
– வாசகர், சாவகச்சேரி

பதில்: மேலே சொன்ன கியூலேகன் எண் 5, ரெய்னோல்ட்ஸ் எண் 100க்கு ஓட்டலாம், அது சமச்சீரான இருபரிமாண ஓட்டம். தட்சுனோவும் பேர்மனும் 1990இல் வகுத்த ஓட்ட வகைகளில் மற்றவற்றுக்கு வேண்டாம். கியூலேகன் எண் 10, ரெய்னோல்ட்ஸ் எண் 200 என்றால் சுழிகள் சாய்வாகப் பிரிந்து போகும். அரை வலை அதை மறைத்து, அழகான பொய்ப் படம் ஒன்றைத் தரும்.

கேள்வி: இந்த இழுவைக் குணகம் 2.09ஐக் குறிகட்டுவான் போன்ற இறங்குதுறைத் தூணுக்குப் போடலாமா?
– வாசகர், வேலணை

பதில்: கூடாது. 0.4 மீற்றர் தூண், செக்கனுக்கு 0.5 மீற்றர் உச்ச வேகம், 5 செக்கன் அலை என்று வைத்துக்கொள்ளுங்கள். கியூலேகன் எண் 6.25, பார்க்க ஒத்ததுபோல் இருக்கும். ஆனால் ரெய்னோல்ட்ஸ் எண் 2 இலட்சத்துக்கு மேல். ஓட்டம் கொந்தளிப்பானது, தூணில் ஒட்டிய சிப்பியும் பாசியும் விட்டத்தையும் சொரசொரப்பையும் கூட்டி இழுவையை ஏற்றும். அதற்கு அந்த ரெய்னோல்ட்ஸ் எண்ணிலும் சொரசொரப்பிலும் அளந்த குணகங்களே வேண்டும்.