விட்டில் வராத மலை

வணக்கம் சார்,

மெல்போர்னில் இருக்கிறேன். வசந்தம் தொடங்கும் செப்டம்பரில் வீட்டு வெளிவிளக்குகளை அணைத்து வையுங்கள் என்று இங்கே விலங்குக் காட்சிசாலைக்காரர்கள் கேட்டுக்கொள்கிறார்கள். விட்டில் பூச்சிகள் வழிதவறாமல் மலைக்குப் போய்ச் சேர்ந்தால் அங்கே அவற்றைத் தின்று வாழும் பாஸம் என்ற எலியளவு விலங்கு பிழைக்குமாம். பள்ளியில் கேட்டுவிட்டு வந்து என் மகள் தினமும் வாசல் விளக்கை அணைக்கிறாள், என் கணவர் சிரிக்கிறார். மலைதான் தேசியப் பூங்காவாக இருக்கிறதே, அதைப் பார்த்துக்கொண்டால் போதாதா? பூமி சூடாகிப் பனியே குறைந்துவரும்போது, பனியில் வாழும் ஒரு பிராணிக்காகச் செலவழிப்பது வீண் இல்லையா?

ர., மெல்போர்ன்

அன்புள்ள ர.,

உங்கள் மகள் அணைக்கும் விளக்கால் ஒரு பாஸம் பிழைத்துவிடும் என்று நான் சொல்ல மாட்டேன். ஆனால் உங்கள் கணவரும் கொஞ்சம் சீக்கிரமாகவே சிரித்துவிட்டார்.

நீங்கள் சொல்வது மவுன்டன் பிக்மி பாஸம். 45 கிராம் எடை, உடம்பைவிட நீளமான வால், வயிற்றில் குட்டிகளைச் சுமக்கும் பை. ராபர்ட் ப்ரூம் என்ற மருத்துவர் 1895இல் நியூ சவுத் வேல்ஸின் வொம்பியன் குகைப் பகுதியில் கிடைத்த எலும்புகளை வைத்து இதற்குப் பெயரிட்டார். எப்போதோ அழிந்துபோன விலங்கு என்றே எல்லோரும் நினைத்திருந்தார்கள். 1966இல் விக்டோரியாவின் மவுன்ட் ஹோத்தம் மலையில் பனிச்சறுக்குக்காரர்கள் தங்கும் குடில் ஒன்றில் உயிரோடு அகப்பட்டது. இன்று விக்டோரியாவிலும் நியூ சவுத் வேல்ஸின் கோஸ்கியஸ்கோ மலைப்பகுதியிலும் மூன்று மலைத்திட்டுகளில் மட்டும், எல்லாம் சேர்ந்து 2000 இருந்தால் அதிகம்.

இது பாறைக் குவியல்களின் இடுக்கில் வாழ்கிறது. வருடத்தில் ஐந்து முதல் ஏழு மாதம் பனிக்கடியில் உறக்கம். உடல் வெப்பம் 2 டிகிரி வரை இறங்கிவிடும். எழும்போது கொழுப்பு கரைந்து, பசியோடு, உடனே இனப்பெருக்கமும் செய்தாக வேண்டிய நிலை. பெண்ணுக்கு நான்கு காம்புகள், ஆண்டுக்கு ஒரே ஈற்று. அந்தச் சமயம் பார்த்து மலைக்கு வந்து சேர்வதுதான் போகாங் விட்டில்.

இந்த விட்டிலின் கதை எனக்கு பாஸத்தின் கதையைவிடப் பெரியதாகப் படுகிறது. தென் குயின்ஸ்லாந்து, நியூ சவுத் வேல்ஸின் உள்நாட்டுச் சமவெளிகளில், குளிர்காலத்து ஈரமண்ணில் புழுவாக வளர்கிறது. அங்குள்ள விவசாயிகளுக்கு அது வெறும் வெட்டுப்புழு, மருந்தடித்துக் கொல்ல வேண்டிய பீடை. சிறகு முளைத்ததும் கோடைக்குத் தப்பி, ஆயிரம் கிலோமீட்டர் வரைகூட இரவில் பறந்து, முன்பின் போயிராத மலைக்குகைகளுக்கு வந்து சேர்கிறது. நட்சத்திரங்களை வைத்து அது திசை பிடிக்கிறது என்று 2025இல் ஆய்வாளர்கள் காட்டினார்கள். குகைச் சுவரில் ஒரு சதுர மீட்டருக்கு 17,000 என்று ஓடு வேய்ந்ததுபோல் ஒட்டிக்கொண்டு கோடை முழுக்கத் தூங்கும். கொழுப்பு நிறைந்த பூச்சி. பூர்வகுடி மக்கள் இதை வறுத்தும் அரைத்தும் சாப்பிட்டிருக்கிறார்கள். விக்டோரியாவின் கிளாக்ஸ் குகையில் கிடைத்த சுமார் 2000 ஆண்டுப் பழைய அரைகல்லில் இதன் எச்சம் இருக்கிறது.

2017இல் தொடங்கிய வறட்சியில் சமவெளி காய்ந்தது, புழு வளரவில்லை, மலைக்கு விட்டில் ஏறக்குறைய வரவே இல்லை. ஹோத்தமில் கூண்டு வைத்துப் பார்த்தவர்கள் கண்டது, பைக்குள்ளேயே செத்துக் கிடந்த குட்டிகளைத்தான். தாய்க்குப் பால் இல்லை. மலையில் அப்போது ஒரு பாறையும் நகரவில்லை, ஒரு செடியையும் யாரும் வெட்டவில்லை.

மலையைப் பார்த்துக்கொண்டால் போதும் என்ற உங்கள் வாதத்துக்கு இதுதான் பதில். (மலையும் முழுக்கப் பூங்கா இல்லை. நல்ல பாறைத்திட்டுகள் பல பனிச்சறுக்கு விடுதிப் பகுதிகளுக்குள் அகப்பட்டிருக்கின்றன. காடேறிப்போன வீட்டுப்பூனையும் நரியும் வேட்டையாடுவது வேறு.) பாஸத்தின் சாப்பாடு இருப்பது யாரும் வேலி போடாத கோதுமை வயலிலும் மேய்ச்சல் நிலத்திலும்.

அதனால் விளக்கை அணைக்கும் இயக்கத்தைப் பற்றி எனக்கு இரண்டு மனம். வெளிச்சம் விட்டிலை இழுப்பது உண்மை. கான்பெராவின் நாடாளுமன்றக் கட்டடத்தில் அவை வசந்தத்தில் கூட்டம் கூட்டமாய் மொய்த்திருக்கின்றன. ஆனால் 2017இல் நடந்தது வாசல் விளக்கால் அல்ல. பூச்சிமருந்து, பாசனம், வறட்சி பற்றிப் பேச வேண்டிய இடத்தில் மக்களிடம் ஸ்விட்சை மட்டும் காட்டுவது அரசுக்கு வசதியான வேலை. இருந்தாலும் உங்கள் மகள் நிறுத்த வேண்டாம். உங்கள் கணவரை, விட்டில் கண்ணில் பட்டால் படமெடுத்து ‘மாத் ட்ராக்கர்’ தளத்தில் ஏற்றச் சொல்லுங்கள். 2021இல் இந்த விட்டிலும் உலக அளவில் அழிவபாயப் பட்டியலில் சேர்ந்துவிட்டது. எங்கே, எப்போது பறக்கிறது என்ற கணக்கு தேவைப்படுகிறது.

இனி பனி. சூடானால் பாஸம் வெக்கையில் சாகும் என்று நினைக்கிறோம். நடப்பது நேர்மாறு. பனிப்படலம் தரையைப் போர்த்திக் காக்கிறது. வெளியே கடுங்குளிர் அடித்தாலும் அடியில் பூஜ்யத்தை ஒட்டியே இருக்கும். பனி மெலிந்தால் பாஸம் குளிரில் விறைக்கும். சீக்கிரம் உருகினால் விட்டில் வருவதற்கு முன்பே விழித்துப் பட்டினி கிடக்கும்.

செலவு வீணா என்றால், விக்டோரியாவின் மவுன்ட் புல்லர் மலையைப் பாருங்கள். 1996இல் அங்கே கண்டுபிடிக்கப்பட்ட கூட்டம் பத்தே ஆண்டுகளில் சில டஜனாகச் சுருங்கி, நெருங்கிய உறவுக்குள்ளேயே இனம் பெருக்கி நலிந்தது. 2011வாக்கில் ஹோத்தமிலிருந்து சில ஆண்களைக் கொண்டுவந்து விட்டார்கள். பிறந்த கலப்புக் குட்டிகள் பருமனாக இருந்தன, அதிகம் ஈன்றன. சில வருடத்தில் எண்ணிக்கை பலமடங்கானது. இதற்கு ஆன செலவு ஒரு மேம்பாலத் தூணுக்குக்கூடக் காணாது.

பனியே போய்விட்டால் என்ன செய்வது என்பதற்கும் ஒரு யோசனை இருக்கிறது. இதன் மூதாதைகள் இரண்டரைக் கோடி ஆண்டுகளாகத் தாழ்நில மழைக்காடுகளில் வாழ்ந்ததைப் புதைபடிவங்கள் காட்டுகின்றன. மலையுச்சி பின்னால் ஒதுங்கிய இடம்தான். ஆகவே புதைபடிவ ஆய்வாளர் மைக்கேல் ஆர்ச்சரும் அவர் குழுவினரும் நியூ சவுத் வேல்ஸின் லித்கோ ஊருக்கு அருகே தாழ்வான இடத்தில் இதை வளர்த்துப் பழக்கிப் பார்க்கிறார்கள். வேறு பூச்சி, வேறு பழம் தின்று அங்கே வாழ முடிந்தால் விட்டிலையும் பனியையும் அது நம்பியிருக்க வேண்டியதில்லை. எனக்கு இதில் முழு நம்பிக்கை இல்லை. பூனையும் நரியும் தாழ்நிலத்தில் இன்னும் அதிகம். ஆனாலும் மலையில் ஆய்வாளர்கள் பட்டினிப் பாஸங்களுக்குச் சத்து பிஸ்கட் வைக்க வேண்டி வந்த காலத்தில், இப்படி ஒரு சோதனைக்குப் பணம் கேட்டால் கொடுக்கத்தான் சொல்வேன்.