வேளாண்மையும் பண்பாடும் பார்க்க முதல் வெளிநாட்டுக் கல்விப் பயணம்: எதற்கெல்லாம் தயாராக வேண்டும்?

பாஸ்போர்ட், விசா, காப்பீடு பற்றிக் கல்லூரியே சொல்லிவிடும். திரும்பும் நாளுக்குப் பிறகும் பாஸ்போர்ட் 6 மாதம் செல்லுமா என்று மட்டும் இப்போதே பாருங்கள். பல நாடுகள் அதை எதிர்பார்க்கின்றன. மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசி கேட்கும் நாடு என்றால், ஊசி போட்ட 10 நாள் கழித்துத்தான் சான்றிதழ் செல்லுபடியாகும். டெட்டனஸ் ஊசி போட்டு 10 ஆண்டு ஆகியிருந்தால் அதையும் போட்டுக்கொள்ளுங்கள்.

பண்ணைப் பயணத்தில் அதிகம் பேர் கோட்டை விடுவது செருப்பு, ஷூ விஷயத்தில்தான். மாடு, ஆடு, பன்றிகளைத் தாக்கும் கோமாரி நோயின் வைரஸ் சாணம், மண், துணி வழியாக ஒரு பண்ணையிலிருந்து இன்னொன்றுக்குப் போகும். அடியில் ஆழமான பள்ளம் உள்ள மலையேற்ற ஷூ வேண்டாம், இடுக்கில் மண் தங்கிவிடும். முழங்கால் வரை வரும் ரப்பர் பூட்ஸ் எளிதில் கழுவ வரும். முதலில் பிரஷ்ஷும் சோப்புத் தண்ணீரும் வைத்து அழுக்கு முழுக்கப் போகத் தேய்த்துவிட்டு, பிறகுதான் கிருமிநாசினி. வெர்கான் எஸ் என்ற கிருமிநாசினிப் பொடி என்றால் 1 லிட்டர் தண்ணீருக்கு 10 கிராம். 10 நிமிடம் ஈரமாகவே இருக்கட்டும். சாணியோடு அப்படியே மருந்துத் தொட்டியில் காலை நனைத்து எடுப்பது வீண், மருந்தின் வீரியத்தைச் சாணியே தின்றுவிடும். வேறு நாட்டில் கால்நடையைத் தொட்ட பிறகு எத்தனை நாள் கழித்து உள்ளே வரலாம் என்பது பண்ணைக்குப் பண்ணை மாறும். முன்கூட்டியே எழுதிக் கேளுங்கள். கோழி, பன்றிப் பண்ணைகளைப் பயணத்தின் தொடக்கத்திலேயே வைத்துக்கொள்வது நல்லது.

பருவத்தையும் பாருங்கள். ஜூலையில் ஐரோப்பாவில் கோதுமை அறுவடை நடக்கும். அதே ஜூலையில் ஆஸ்திரேலியாவில் அது இளம்பயிர். அறுவடை பார்க்கத்தான் போகிறீர்கள் என்றால் தேதியை முடிவு செய்யும் முன்பே பயிர் நாட்காட்டியை விசாரியுங்கள்.

குறிப்பேட்டில் விளைச்சலை எழுதும்போது அலகு இல்லாத எண் எதற்கும் உதவாது. அமெரிக்காவில் தானியத்தை அளப்பது புஷல் என்ற அலகில். ஒரு புஷல் கோதுமை சுமார் 27.2 கிலோ, மக்காச்சோளம் 25.4 கிலோ, பயிருக்குப் பயிர் எடை வேறு. ஏக்கருக்கு 50 புஷல் கோதுமை என்றால் ஹெக்டேருக்கு ஏறக்குறைய 3.4 டன். நெல் என்றால், சொன்ன எடை நெல்லா, அரிசியா, காயவைத்ததா, ஈரமா என்று கேட்டே எழுதுங்கள். அரைத்தால் மூன்றில் ஒரு பங்கு குறைந்துவிடுகிறதே!

பண்பாட்டைத் தேடி அருங்காட்சியகத்துக்கு மட்டும் ஓட வேண்டாம், அது வேலை நேரத்திலும் சாப்பாட்டிலும் சந்தை நாளிலும் இருக்கிறது. மாடு மேய்த்து வாழும் பல சமூகங்களில் "எத்தனை மாடு?" என்று கேட்பது, வங்கியில் எவ்வளவு பணம் என்று கேட்பதற்குச் சமம். அதைவிட "நேற்று விடிந்ததிலிருந்து என்னென்ன வேலை பார்த்தீர்கள்?" என்று கேளுங்கள், யார் என்ன செய்கிறார்கள், எது முதலில், எது பிறகு என்று எல்லாம் தானாக வந்துவிடும். விதை எடுப்பதும் பால் கறப்பதும் பெண்கள் கையில் இருந்தாலும் பதில் சொல்வது ஆணாக இருக்கலாம். அந்தப் பெண்ணிடமே தனியாகக் கேட்க நேரம் ஒதுக்குங்கள். மொழிபெயர்ப்பவர் இருந்தாலும் விவசாயியைப் பார்த்தே பேசுங்கள். ஒரு தடவைக்கு ஒரே கேள்வி. இரண்டு கேள்வியைச் சேர்த்துக் கேட்டால் ஒன்றுக்குத்தான் பதில் வரும்.

பால் கொடுத்தால் காய்ச்சியதா என்று கேட்டுக் குடியுங்கள். காய்ச்சாத பாலால் புரூசெல்லோசிஸ் என்ற, கால்நடையிலிருந்து தொற்றும் காய்ச்சல் நோய் வரலாம்.

அன்பாகக் கொடுக்கிறார்களே என்று விதையைப் பையில் போட்டுக்கொள்ளாதீர்கள். பெரும்பாலான நாடுகளில் நோயும் பூச்சியும் இல்லை என்று காட்டும் தாவர நலச் சான்றிதழ் வேண்டும், பல விதைகளுக்கு இறக்குமதி அனுமதியும் வேண்டும். விதையைப் படம் எடுத்து, அதன் உள்ளூர்ப் பெயரையும் எதற்குப் பயன்படுத்துகிறார்கள் என்பதையும் எழுதி வந்தாலே உங்கள் படிப்புக்கு நிறையக் கிடைக்கும். பன்றி இறைச்சிப் பண்டமும் வேண்டாம், ஆப்பிரிக்கப் பன்றிக் காய்ச்சல் வைரஸ் பதப்படுத்திய இறைச்சியிலும் மாதக்கணக்கில் உயிரோடு இருக்கும்.

விமான நிலையப் படிவத்தில் பண்ணைக்குப் போனீர்களா என்று கேட்டால் ஆம் என்றே எழுதுங்கள். ஆஸ்திரேலியாவின் படிவம் கடந்த 30 நாளைக் கேட்கும். ஒப்புக்கொண்டவரின் பூட்ஸைப் பார்த்து, தேவைப்பட்டால் கழுவி அனுப்புவார்கள். மறைத்தால் அபராதம். பெட்டி கட்டும்போது பேன்ட் மடிப்பு, சாக்ஸ், பையின் வெல்க்ரோ பட்டை மூன்றையும் உதறிப் பாருங்கள், ஒட்டும் விதைகள் அங்கேதான் இருக்கும்.