பழைய பெட்ரோல் காரில் ஆக்ஸிஜன் சென்சார் தகராறு: கேள்வி பதில்

10, 15 வருடம் ஓடிய பெட்ரோல் கார் வைத்திருக்கும் நண்பர்கள் கேட்டவற்றுக்கு இங்கே பதில் சொல்கிறேன். புகையில் எவ்வளவு ஆக்ஸிஜன் இருக்கிறது என்று பார்த்து, பெட்ரோல் அளவைத் தீர்மானிக்கும் இன்ஜின் கம்ப்யூட்டரான ஈசியுவுக்கு (ECU) சொல்வதுதான் ஆக்ஸிஜன் சென்சார். எல்லோருக்கும் பொதுவாக ஒன்று: வண்டியில் மாட்டிப் பார்க்கும் ஸ்கேனரில் வரும் கோளாறு எண், அதாவது கோடு (code), எந்த சர்க்யூட்டில் கோளாறு என்றுதான் சொல்லும், எந்தப் பொருள் போய்விட்டது என்று சொல்லாது. கோடைப் பார்த்ததும் சென்சாரை வாங்கி மாட்டிவிடுகிறார்கள். பணமும் போகிறது, செக் இன்ஜின் லைட்டும் அணைவதில்லை.

கேள்வி: அண்ணே, பி0135 என்று கோடு வருகிறது. மெக்கானிக் சென்சாரை மாற்றணும் என்கிறார். என் வண்டியில் இரண்டு சென்சார் இருக்கிறது, எதைச் சொல்கிறார்?

பதில்: புகையைச் சுத்தம் செய்யும் கேட்டலிட்டிக் கன்வெர்ட்டருக்கு முன்னால், இன்ஜின் பக்கம் இருக்கும் சென்சாரின் ஹீட்டர் சர்க்யூட்தான் பி0135. பின்னால் இருப்பதற்கு பி0141. உள்ளே இருக்கும் செராமிக் சுமார் 300 டிகிரி சூடானால்தான் வேலை செய்யும், அதைச் சீக்கிரம் சூடாக்கத்தான் ஹீட்டர்.

முதலில் ஃபியூஸைப் பாருங்கள். பல வண்டிகளில் ஹீட்டருக்கும் வேறு சில பாகங்களுக்கும் ஒரே ஃபியூஸ்தான் இருக்கும். அது சரியாக இருந்தால், இன்ஜின் ஆறியிருக்கும்போது கனெக்டரைக் கழற்றி, சென்சார் பக்கம் ஒரே நிறத்தில் இருக்கும் இரண்டு வயர்களுக்கு நடுவே மல்டிமீட்டரில் ஓம்ஸ் பாருங்கள். பெரும்பாலான சென்சார்களில் சில ஓம்ஸிலிருந்து 15 ஓம்ஸ் வரை காட்டும். எதுவுமே காட்டாமல் ஓப்பனாக இருந்தால் ஹீட்டர் போய்விட்டது, சென்சாரை மாற்றத்தான் வேண்டும்.

ஓம்ஸ் சரியாக இருந்தால் சென்சாரை விட்டுவிட்டு வயரிங்குக்கு வாருங்கள். இன்ஜினை ஓடவிட்டு, வண்டிப் பக்கக் கனெக்டரில் ஹீட்டர் சப்ளை வருகிறதா என்று பாருங்கள், ஆனால் மீட்டரை மட்டும் நம்பாதீர்கள். உள்ளே பாதி அரித்துப்போய் ஒரே ஒரு இழையில் தொங்கும் வயர்கூட மீட்டரில் 12 வோல்ட் காட்டும். 5 வாட் பல்பு ஒன்றை அந்தப் பின்னுக்கும் பாடி எர்த்துக்கும் நடுவே மாட்டிப் பாருங்கள், நன்றாக எரிந்தால்தான் சப்ளை சரி. ஹீட்டரின் இன்னொரு பின்னுக்கு எர்த் கொடுப்பது பெரும்பாலும் ஈசியுதான், எனவே அந்த வயர் ஈசியு வரை அறுபடாமல் போகிறதா என்றும் பார்க்க வேண்டும். பழைய வண்டிகளில் நான் அதிகம் பார்ப்பது சைலன்ஸர் பைப்பில் உரசி உருகிய வயரையும் எலி கடித்த வயரையும்தான்.

கேள்வி: பி0131 வருது சார். சிக்னல் 0.1 வோல்ட்டிலேயே நிற்கிறது. சென்சார் டெட் தானே?

பதில்: அவசரப்படாதீர்கள். இந்த வகை சென்சார் 0.1 முதல் 0.9 வோல்ட் வரை ஏறி இறங்கிக்கொண்டே இருக்க வேண்டும். குறைவாக இருந்தால் புகையில் ஆக்ஸிஜன் அதிகம் என்று அர்த்தம், அது உண்மையாகவே இருக்கலாம். எக்ஸாஸ்ட் மேனிஃபோல்ட் கேஸ்கெட்டில் சின்ன லீக் இருந்தாலும் வெளிக்காற்று உள்ளே போய் சென்சாரை ஏமாற்றும். ஒரு சிலிண்டர் மிஸ் ஆகி உள்ளே பெட்ரோல் எரியாமல் போனாலும் பயன்படாத ஆக்ஸிஜன் அப்படியே வெளியே வந்து இதே ரீடிங்கைத் தரும்.

இன்ஜின் நன்றாகச் சூடானதும் ஏர் ஃபில்டர் பெட்டிக்குள் கார்ப் கிளீனரைக் கொஞ்சமாக அடியுங்கள், சூடான எக்ஸாஸ்ட் பக்கம் ஒரு துளிகூடப் படக்கூடாது. வோல்டேஜ் சட்டென்று 0.8க்கு ஏறினால் சென்சார் உயிரோடு இருக்கிறது, லீக்கைத் தேடுங்கள். அசையவே இல்லை என்றால் சென்சார் கனெக்டரைக் கழற்றிவிட்டு ஸ்கேனரைப் பாருங்கள். நிறைய ஈசியுக்கள் அந்த வயரில் தாங்களே 0.45 வோல்ட் அளவுக்கு வைத்திருக்கும். அப்படிப்பட்ட வண்டியில் கழற்றிய பிறகும் பூஜ்யத்திலேயே நின்றால் சிக்னல் வயர் எங்கேயோ பாடியில் ஷார்ட் ஆகியிருக்கிறது, புது சென்சார் போட்டாலும் அதே கோடுதான் வரும்.

கேள்வி: 2003 மாடல். ஸ்கேனர் போட்டால் கனெக்டே ஆகலை.

பதில்: வண்டி தன் கோளாறைத் தானே கண்டுபிடித்து ஸ்கேனருக்குச் சொல்லும் ஓபிடி (OBD) இந்தியாவில் கட்டாயமானதே 2010 ஏப்ரலில் பிஎஸ்-4 புகை விதிப்படி வந்த கார்களோடு தொடங்கித்தான். அதற்கு முந்தைய வண்டிகளில் பொதுவான ஸ்கேனர் பேசாமல் இருப்பது சகஜம். பலவற்றில் சர்வீஸ் கனெக்டரின் இரண்டு பின்களை இணைத்தால் செக் லைட் மின்னி கோடைச் சொல்லும். பழைய ஹோண்டாக்களில் 1 என்றால் ஆக்ஸிஜன் சென்சார், 41 என்றால் அதன் ஹீட்டர். எந்த இரண்டு பின் என்று உங்கள் வண்டியின் மேனுவலில் உறுதி செய்யாமல் தொடாதீர்கள், தவறான பின்னில் போட்டால் ஈசியுவே போய்விடும்.

கேள்வி: எல்பிஜி கிட் போட்ட வண்டி. பெட்ரோலில் ஓட்டினால் மட்டும் லைட் வருகிறது.

பதில்: பல கிட்களில் சென்சார் சிக்னல் வயரை வெட்டி நடுவில் எமுலேட்டர் வைத்திருப்பார்கள். கேஸில் ஓடும்போது அது பொய் சிக்னலை ஈசியுவுக்குக் கொடுக்கும், பெட்ரோலுக்கு மாறினால் நிஜ சிக்னலை விட வேண்டும். உள்ளே ரிலே ஒட்டிக்கொண்டாலோ, முறுக்கி டேப் சுற்றிய இணைப்பு கறுத்துப்போனாலோ இப்படித்தான் ஆகும். எமுலேட்டரைக் கழற்றி வயரை நேராக இணைத்து, பெட்ரோலில் ஓட்டிப் பாருங்கள்.

கேள்வி: ஒரிஜினல் விலை கட்டுப்படியாகலை. யுனிவர்சல் சென்சார் போடலாமா?

பதில்: போடலாம், வயரைச் சரியாக இணைத்தால். பாஷ் வகையில் இரண்டு வெள்ளை ஹீட்டர், கறுப்பு சிக்னல், சாம்பல் எர்த். டென்சோவில் இரண்டு கறுப்பு ஹீட்டர், நீலம் சிக்னல், வெள்ளை எர்த். நிறத்தைப் பார்த்து கறுப்புக்குக் கறுப்பு என்று இணைத்தால் கதை முடிந்தது. இந்த வயர்களை சால்டர் செய்யாதீர்கள், கிரீஸும் வைக்காதீர்கள். பல சென்சார்கள் ஒப்பிட்டுப் பார்க்கத் தேவையான வெளிக்காற்றை வயர் இழைகளுக்கு இடையில் இருந்துதான் எடுத்துக்கொள்கின்றன. சென்சாருடன் வரும் கிரிம்ப் கனெக்டரையே பயன்படுத்துங்கள்.

கேள்வி: பழைய சென்சாரைக் கழற்றி தின்னரில் ஊறவைத்துச் சுத்தம் செய்யலாமா?

பதில்: வேண்டாம். மேலே இருக்கும் கரி போகலாம், ஆனால் சிலிக்கானோ ஈயமோ படிந்திருந்தால் போகாது. முனையில் வெள்ளையாகப் பொடி படிந்திருந்தால் சமீபத்தில் யாராவது கேஸ்கெட்டுக்குச் சாதாரண சிலிக்கான் தடவினார்களா, கூலன்ட் குறைகிறதா என்று பாருங்கள். அதைச் சரி செய்யாமல் புதிது போட்டால் அதுவும் போய்விடும்.

கேள்வி: கனெக்டரைக் கழற்றிவிட்டு ஓட்டினால் என்ன ஆகும்?

பதில்: வண்டி ஓடும். ஈசியு தோராயக் கணக்கில் பெட்ரோலை ஊற்றும், மைலேஜ் குறையும். மாதக்கணக்கில் அப்படியே ஓட்டினால் அதிகப்படியான பெட்ரோல் கன்வெர்ட்டருக்குள் எரிந்து அதை உருக்கிவிடலாம், அதன் விலை சென்சாரைப் போலப் பல மடங்கு. ஒர்க்‌ஷாப் வரை போக மட்டும் சரி.

கேள்வி: புது சென்சார் போட்டும் இரண்டே நாளில் அதே கோடு திரும்ப வந்துவிட்டது அண்ணே. கடைக்காரர் திரும்ப எடுக்க மாட்டேன் என்கிறார்.

பதில்: எர்த்தைப் பாருங்கள். இன்ஜினை ஓடவிட்டு, ஹெட்லைட்டும் ஏசியும் போட்டு, சென்சாரின் எர்த் வயருக்கும் பேட்டரி நெகட்டிவுக்கும் நடுவே வோல்டேஜ் பாருங்கள். 0.1 வோல்ட்டுக்குள் இருக்க வேண்டும். சில கம்பெனி வண்டிகளில் இதை வேண்டுமென்றே உயர்த்தி வைத்திருப்பார்கள், அதனால் வயரிங் டயகிராமையும் ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள். மொத்த சிக்னலே 1 வோல்ட்டுக்குள் என்பதால் எர்த்தில் 0.3 வோல்ட் தங்கினாலே ஈசியுவுக்குத் தவறான கணக்கு போகும். இன்ஜினிலிருந்து பாடிக்குப் போகும் எர்த் ஸ்ட்ராப்பைக் கழற்றி, துருவைத் தேய்த்து, இறுக்கிப் போட்டுவிட்டு மறுபடி அளந்து பாருங்கள். ரீடிங் எவ்வளவு வருகிறது என்று எழுதுங்கள், மேற்கொண்டு பார்க்கலாம்.