எழுத்தாளர் வேலைநிறுத்தமும் படப்பிடிப்புத் தளமும்: கேள்வி பதில்

அமெரிக்க எழுத்தாளர் சங்கத்தைச் சேர்ந்த சுமார் 11,500 பேர் 2023 மே 2 அன்று தொடங்கிய வேலைநிறுத்தம் 148 நாட்கள் நீடித்தது. அதில் எழுத்தாளர் அல்லாத பணியாளர்களுக்கு என்ன நேர்ந்தது என்பதைப் பற்றியே பெரும்பாலான கேள்விகள் வந்திருக்கின்றன.

கேள்வி: திரைக்கதை முன்பே எழுதி முடிக்கப்பட்டிருந்தால் படப்பிடிப்பை ஏன் நிறுத்த வேண்டும்?

அங்கே தொடரின் தலைமைப் பொறுப்பில் இருக்கும் ஷோரன்னர் பெரும்பாலும் எழுத்தாளரே. மழை வந்தால் வெளிப்புறக் காட்சியை வீட்டுக்குள் மாற்றுவதும், நடிகர் வாயில் நிற்காத வசனத்தைத் திருத்துவதும் அவர் பக்கத்து வேலைகள். வேலைநிறுத்தக் காலத்தில் ஒரு வரியைக்கூட அவர் திருத்தக் கூடாது. பிரிட்டனில் எடுக்கப்பட்ட 'ஹவுஸ் ஆஃப் தி டிராகன்' தொடரின் இரண்டாம் பருவம் போல, எழுத்து முழுவதும் முடிந்திருந்த சில தொடர்கள் மட்டும் நிற்காமல் ஓடின.

கேள்வி: முதலில் நின்றவை எவை?

அன்றன்றைய செய்தியைக் கிண்டல் செய்யும் இரவு நேர உரையாடல் நிகழ்ச்சிகள் உடனே நின்று, பழைய பகுதிகள் மறுஒளிபரப்பாயின. அவற்றை நடத்தும் ஐந்து பேர் சேர்ந்து ஆகஸ்ட் இறுதியில் ஓர் ஒலித்தொடரை (பாட்காஸ்ட்) தொடங்கி, அதன் வருவாயை வேலையிழந்த தம் ஊழியர்களுக்குக் கொடுத்தார்கள்.

கேள்வி: லைட்மேன், ஒப்பனை, ஆடை, கலைப் பிரிவினருக்கு ஊதியம் கிடைத்ததா?

இல்லை. அவர்களுடைய சங்கம் வேலைநிறுத்தத்தில் இல்லை. அதை நடத்துவதா வேண்டாமா என்று அவர்களிடம் யாரும் வாக்கெடுக்கவும் இல்லை. ஆனால் படப்பிடிப்பு நின்றவுடன் முதலில் வீட்டுக்கு அனுப்பப்பட்டவர்கள் அவர்களே. தொடர் முடியும்வரை மட்டும் வேலை, பிறகு அடுத்த அழைப்புக்குக் காத்திருப்பு என்பதுதான் அவர்கள் பிழைப்பு.

சம்பளத்தைவிட என்னை அதிகம் உறுத்துவது மருத்துவக் காப்பீடு. ஹாலிவுட்டின் திரைத்தொழிலாளர் காப்பீட்டுத் திட்டத்தில் ஏற்கெனவே சேர்ந்திருப்பவர் தொடர்ந்து பயன்பெற, ஆறு மாதத்தில் 400 மணி நேரம் வேலை செய்திருக்க வேண்டும். வேலையே இல்லாதபோது மணிக்கணக்கு எங்கிருந்து வரும்? அறக்கட்டளைகள் வாடகைக்கும் மளிகைக்கும் உதவின. ஆயினும் குடும்பத்தில் தொடர் சிகிச்சை பெறுபவர் ஒருவர் இருந்தால், இந்தக் கணக்கு வாடகையைவிடப் பெரிய பயமாகிவிடும்.

போதாக்குறைக்கு ஜூலை 14 அன்று நடிகர்களும் வேலைநிறுத்தத்தில் இறங்கினார்கள். இரு சங்கங்களும் ஒரே காலத்தில் வேலைநிறுத்தம் செய்தது 1960-க்குப் பிறகு அதுவே முதல் முறை. எழுத்தாளர்கள் செப்டம்பர் 27 அன்று பேனாவைக் கையில் எடுத்த பிறகும், நடிகர்கள் திரும்பிய நவம்பர் 9 வரை படப்பிடிப்புக் குழுவினர் காத்திருக்க வேண்டியிருந்தது.

கேள்வி: லாரி ஓட்டுநர்கள் மறியலைக் கடக்க மறுத்தார்கள் என்கிறார்களே?

உண்மைதான். ஒளிவிளக்குகளும் ஜெனரேட்டரும் லாரியில்தான் வருகின்றன என்பதால், விடியுமுன்பே வாசலில் நான்கைந்து எழுத்தாளர்கள் பதாகையுடன் நின்றாலே, டீம்ஸ்டர்ஸ் சங்க ஓட்டுநர்கள் வண்டியைத் திருப்பிவிடுவார்கள். ஒரு நாள் வேலையே நின்றுவிடும். அந்த ஓட்டுநருக்கும் அன்றைய கூலி இல்லை என்பதை மறியலைப் புகழ்பவர்கள் சொல்ல மறக்கிறார்கள்.

கேள்வி: முடிவில் கிடைத்த ஒப்பந்தத்தால் குழுவினருக்கு லாபம் உண்டா?

நேரடியாக இல்லை. எழுத்தாளர் குழுவில் இருக்க வேண்டிய குறைந்தபட்ச ஆள் எண்ணிக்கை, இணையவழித் தொடர் வெற்றி பெற்றால் கூடுதல் தொகை, செயற்கை நுண்ணறிவை எழுத்தாளராகக் கருதக் கூடாது என்ற விதி ஆகியவை எழுத்தாளர்களுக்கு உரியவை. படப்பிடிப்புக் குழுவினரின் சங்கம் 2024-இல் தனக்கென்று தனியாகப் பேசித்தான் ஒப்பந்தம் பெற்றது. ஆனால் அந்த ஆண்டிலும் லாஸ் ஏஞ்சலஸில் படப்பிடிப்பு நாட்கள் பழைய அளவுக்குத் திரும்பவில்லை. ஒப்பந்தம் கையில் இருந்தும் பலருக்கு அழைப்பு வரவில்லை.