கௌடா சீஸுக்கு எது ஜோடி?

கேள்வி: நெதர்லாந்திலிருந்து வந்த தம்பி மஞ்சள் மெழுகு பூசிய கௌடா சீஸ் கொடுத்தான். இளசாம், சில வாரங்கள்தான் ஆகிறதாம். எப்படிப் பரிமாறுவது? கூட என்ன குடிக்கலாம்?

பதில்: முதலில், அரை மணி நேரம் முன்பே ஃப்ரிட்ஜிலிருந்து எடுத்து வெளியே வைத்துவிடுங்கள், சில்லென்று இருக்கும்போது ரப்பரைக் கடிப்பதுபோல் இருக்கும், அந்த வெண்ணெய் வாசமும் லேசான இனிப்பும் தெரியவே தெரியாது. மெழுகை உரித்துவிடுங்கள், அது சாப்பிட அல்ல. டச்சுக்காரர்கள் காலையிலும் மதியமும் இதை மெல்லிசாகச் சீவி, வெண்ணெய் தடவிய ரொட்டியில் வைத்துச் சாப்பிடுவார்கள். சாயங்காலம் என்றால் சின்னச் சதுரங்களாக வெட்டி, கடுகு சாஸில் தொட்டுக்கொண்டு கையில் ஒரு பியர். என் ஓட்டு இதற்குத்தான், அந்தக் காரம் மூக்கில் ஏறும்போது சீஸின் பால் சுவை வந்து அணைத்துவிடும்.

பேரிக்காய், ஆப்பிள் நன்றாகப் போகும். சீரகம் போட்டே செய்யும் கௌடாவும் அங்கே உண்டு, அதனால் சீரக பிஸ்கட்டைத் துணிந்து வைக்கலாம். ஆவக்காய் ஊறுகாய் மட்டும் வேண்டாம், பாவம், இளசு தாங்காது.

ஒயின் குடிப்பவர் என்றால் ரீஸ்லிங் மாதிரி வெள்ளை ஒயின் போதும். கனமான சிவப்பு ஒயினெல்லாம் வருடக்கணக்கில் முதிர்ந்த கௌடாவுக்கு. மது வேண்டாமா, ஆப்பிள் ஜூஸ் சரியாக இருக்கும். மீதியை பட்டர் பேப்பரில் சுற்றி வையுங்கள், காய்ந்துபோனால் துருவி டோஸ்ட்டில் போட்டு உருக்கிவிடலாம்.